ஜார்ஜியாவின் சம்டர் கவுண்டி: மழை, வெக்கை, புயல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறவர்கள், அட்லாண்டாவிலிருந்து வேலை மாற்றி இந்தப் பக்கம் வருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் பெற்றோர்கள் என்று பலரும் இந்தக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவின்) வானிலை பற்றித் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும், சற்றுச் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. உள்ளூர்க்காரர்கள் மழையை அங்குலத்திலும் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டிலும் சொல்வார்கள். நான் மில்லிமீட்டரிலும் செல்சியஸிலும் எழுதியிருக்கிறேன். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர்.

சம்டர் கவுண்டி என்று தேடினால் நாலு இடம் வருகிறதே, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

அமெரிக்க விடுதலைப் போரில் பெயர் பெற்ற தென் கரோலினா படைத்தலைவர் தாமஸ் சம்டரின் பெயரில் தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, ஃப்ளோரிடா ஆகிய நான்கு மாநிலங்களிலும் ஒவ்வொரு கவுண்டி உண்டு. நான்குமே ஈரப்பதம் மிகுந்த தென்பகுதிகள் என்பதால் வானிலைத் தகவலைத் தேடும்போது மாநிலப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். நான் எழுதுவது 1831இல் உருவான, ஜார்ஜியாவின் தென்மேற்கில் உள்ள சம்டர் கவுண்டியைப் பற்றி. இதன் தலைமையிடம் அமெரிக்கஸ். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஊரான ப்ளெயின்ஸ் இதற்குள்தான் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. மற்றபடி எங்கு பார்த்தாலும் நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம், பீக்கன் என்ற கொட்டை மரத் தோப்பு, பைன் காடு.

கிழக்கு எல்லையில் ஃபிளின்ட் ஆறும், அந்த ஆற்றை மறித்து உண்டாக்கிய பிளாக்ஷியர் ஏரியும் இருக்கின்றன. தெற்கே மெக்சிகோ வளைகுடா 220 முதல் 250 கிலோமீட்டர் தொலைவிலும், கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. இந்த இரண்டு தொலைவுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் இவற்றைத்தான் சார்ந்திருக்கின்றன.

வருஷத்துக்கு எவ்வளவு மழை பெய்யும்? எந்த மாதம் அதிகம்?

சராசரியாக ஆண்டுக்கு 1,250 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதால் கூட்டுத்தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அது பகிர்ந்து பெய்யும் விதத்தில் இருக்கிறது. சென்னையில் பாதிக்கும் மேற்பட்ட மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் வந்து விழுகிறது. சம்டர் கவுண்டியிலோ பெரும்பாலான மாதங்களுக்கு நூறு மில்லிமீட்டரை ஒட்டிய பங்கு கிடைக்கிறது. மார்ச் மாதத்தில் ஓர் உச்சமும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இன்னோர் உச்சமும் உண்டு. மிகக் குறைவாகப் பெய்வது அக்டோபரில்.

அப்படியென்றால் மழைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாதா?

கிடையாது. ஆனால் இரண்டு வகையான மழை உண்டு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இந்த ஊர் வானிலை பாதி புரிந்துவிடும்.

நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை பெய்வது வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும் மோதும் எல்லையில் உண்டாகும் மழை. அந்த எல்லை பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடாக நகர்ந்து வருவதால் கவுண்டி முழுவதும், ஏன், பக்கத்து மாநிலங்கள் முழுவதும் ஏறக்குறைய ஒரே நாளில் நனைகின்றன. மேகம் மூடி, மணிக்கணக்கில் நிதானமாகப் பெய்து, மறுநாள் காற்று வடமேற்கிலிருந்து வீசி வானம் வெளுத்துவிடும். வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ இப்படி ஒரு கோடு கடந்து போகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது வேறு வகை. காலையில் தெளிவாக இருக்கும் வானத்தில் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கோபுரம் போலக் கருமேகம் எழும்பும். அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆண்டில் ஐம்பது நாளுக்கும் மேல் இந்தப் பகுதியில் இடி கேட்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கோடை மாதங்களில்தான்.

வெயில் 35 டிகிரிதானே, எங்கள் ஊரில் 40 பார்த்தவர்கள் நாங்கள். இங்கே ஏன் இப்படி உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது?

ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரியை எட்டும். 35, 36 டிகிரி நாட்களும் அரிதல்ல. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் காற்றில் உள்ள நீராவியின் அளவைப் பார்க்க வேண்டும். அதற்குச் சரியான அளவுகோல் பனிநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் காற்றைக் குளிரவைத்தால் அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. கோடையில் இங்கே பனிநிலை வாரக்கணக்கில் 21 முதல் 24 டிகிரிக்குள் நிற்கும். 35 டிகிரி வெயிலோடு 24 டிகிரி பனிநிலையும் சேர்ந்தால் உடல் உணரும் வெப்பம் 41 டிகிரியாகிவிடுகிறது, ஏனென்றால் வியர்வை தோலிலிருந்து ஆவியாகப் போக இடமில்லை.

இந்த ஈரம் வருவதற்குக் காரணம் அட்லாண்டிக்கின் மேல் பெர்முடா தீவை ஒட்டிக் கோடை முழுவதும் நிலைகொள்ளும் உயர் அழுத்தப் பகுதி. அதன் மேற்கு ஓரமாகச் சுற்றிவரும் காற்று வெதுவெதுப்பான வளைகுடா நீரின் மேல் தவழ்ந்து, தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் நேராக இங்கே வந்து சேர்கிறது. இடையில் அந்த ஈரத்தைத் தடுக்க ஒரு மலைகூடக் கிடையாது. இரவில் வெப்பம் பனிநிலைக்குக் கீழே அதிகம் இறங்காது என்பதால் ஜூலை இரவுகளும் 21, 22 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு என் யோசனை, முடிந்தால் அக்டோபரிலோ ஏப்ரலிலோ அழைத்து வாருங்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் வெளுத்து வாங்குகிறது, எங்களுக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. இது எப்படி?

மேலே சொன்ன கோடை மழையின் இயல்பே அதுதான். ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது, அல்லது மெதுவாக நகர்கிறது. மேகம் கலையும்போது அதிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் நாலா பக்கமும் பரவி, சில மைல் தள்ளி இன்னொரு மேகத்தைக் கிளப்பிவிடும். அந்த அடுத்த மேகம் எங்கே எழும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம். வளைகுடாவிலிருந்து உள்நோக்கி வரும் கடற்காற்றின் முனை சில மாலைகளில் இவ்வளவு தூரம் வந்துசேர்ந்து மேகத்தைத் தூண்டுவதும் உண்டு.

ஆகவே ப்ளெயின்ஸில் 40 மில்லிமீட்டர் பெய்த அதே பிற்பகலில் பதினாறு கிலோமீட்டர் கிழக்கே அமெரிக்கஸில் தூசி பறக்கலாம். இங்குள்ள விவசாயிகள் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனி மழைமானி வைத்திருப்பது இதனால்தான். ஒரே குடும்பத்தின் நிலமாக இருந்தாலும் வயல்கள் சிதறிக் கிடந்தால், ஒரு வயலின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

போனில் 40 சதவீதம் மழை என்று காட்டுகிறது. பாதி நேரம் பெய்யவே மாட்டேன் என்கிறது. நம்பலாமா?

நம்பலாம், அதன் பொருளைச் சரியாக எடுத்துக்கொண்டால். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் கணிப்பில் 40 சதவீதம் என்றால், குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் நிற்கும் இடத்தில் குறைந்தது கால் மில்லிமீட்டர் மழையாவது விழுவதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு என்று பொருள். நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்பதோ, மழை மெல்லியதாக இருக்கும் என்பதோ பொருள் அல்ல. ஜூலையில் 40 சதவீதம் என்று காட்டும் நாளில் மேகம் உங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டால் கொட்டுவது கனமழையாகத்தான் இருக்கும். பிப்ரவரியில் காட்டும் 90 சதவீதமோ நாள் முழுக்கத் தூறலாக முடிந்துவிடலாம்.

சம்டர் கவுண்டிக்கான கணிப்பையும் எச்சரிக்கையையும் வெளியிடுவது அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டியில் உள்ள அலுவலகம். சற்றே தெற்கிலுள்ள லீ கவுண்டிக்கு ஃப்ளோரிடாவின் டலஹாசி அலுவலகம் பொறுப்பு. வேலைக்காகத் தினமும் தெற்கே ஆல்பனி நகருக்குப் போய்வருகிறவர்கள் இரண்டையும் பார்ப்பது நல்லது.

ஜூலையில் நல்ல மழை என்கிறீர்கள், ஆனால் ஓடைகள் அந்த நேரத்தில்தானே வற்றுகின்றன?

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மக்காலி ஓடையும் கிஞ்சஃபூனி ஓடையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரை தொட்டு ஓடி, செப்டம்பர், அக்டோபரில் அடிமணல் தெரியும் அளவுக்கு இறங்கிவிடும். மழையின் வரிசையும் ஓடையின் வரிசையும் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் மரமும் பயிரும் வெயிலும். கோடையில் மண்ணும் இலைகளுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து முதல் ஆறு மில்லிமீட்டர் வரை நீரை ஆவியாக அனுப்பிவிடுகின்றன. மாதத்துக்குக் கணக்கிட்டால் இது 150 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜூலையில் பெய்யும் மழையைவிட அதிகம். குளிர்காலத்தில் இலையுதிர் மரங்கள் வெறும் கிளையாக நிற்கும், வயல்கள் தரிசாகக் கிடக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். அப்போது பெய்யும் நிதானமான மழைதான் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரை நிரப்பி, பல மாதங்கள் ஓடைக்கு ஊற்றாகிறது.

ஆகையால் ஒரு கோடைக்கு எவ்வளவு நீர் கையில் இருக்கும் என்பதை அதற்கு முந்தைய குளிர்காலமே பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. பெய்யும் மொத்த மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆவியாகவே திரும்பிப் போகிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து இது தண்ணீர்ப் பஞ்சமில்லாத ஊர் என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தப் பங்கைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் கருத்து.

அக்டோபர் மட்டும் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது?

கோடை இடிமழைக்கு வேண்டிய தரைச்சூடு அப்போது போய்விடுகிறது; குளிர்கால மழைக்கோடுகளோ இன்னும் இவ்வளவு தெற்கே இறங்கத் தொடங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்நாட்டிலிருந்து வரும் வறண்ட காற்று நிலைகொள்கிறது. கடலை பிடுங்குவதும் பருத்தி எடுப்பதும் இந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கின்றன.

குளிர்காலத்தில் பனி கொட்டுமா? ஸ்வெட்டர் போதுமா, பெரிய கோட்டு வேண்டுமா?

ஜனவரியில் பகல் 15 டிகிரியையும் இரவு 2 டிகிரியையும் ஒட்டி இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இரவுகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல வரும். ஆனால் பகலில் வெயில் வந்ததும் ஏறிவிடும். நடுத்தரமான ஒரு கோட்டு போதும். வெண்பனிப் பொழிவு பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். 1973 பிப்ரவரியில் நடு ஜார்ஜியாவைத் தாக்கிய பனிப்பொழிவில் மேக்கன் நகரில் 42 சென்டிமீட்டர் பனி குவிந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2025 ஜனவரியிலும் வளைகுடாவின் வடகரையோரம் வழக்கத்தில் இல்லாத பனி பெய்தது.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வெண்பனியை அல்ல, உறைபனியை. பொதுவாக மார்ச் கடைசிவரை உறைபனி வரலாம். மீண்டும் நவம்பர் நடுவில் தொடங்கும். பிப்ரவரியில் ஒரு வாரம் வெதுவெதுப்பாக இருந்தது என்று கத்தரி, மிளகாய் நாற்றுகளை வெளியே வைத்துவிடாதீர்கள். 2017இல் குளிர்காலம் மிதமாகப் போனதால் முன்கூட்டியே பூத்த ஜார்ஜியாவின் பழப்பயிர்களை மார்ச் நடுவில் வந்த உறைபனி கருக்கியது. பீச் மரத்துக்கு வேண்டிய குளிரும் கிடைக்காமல், உறைபனியும் சேர்ந்து, அந்த ஆண்டு மாநிலத்தின் பீச் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது.

கடல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. புயல் எங்களை என்ன செய்துவிடும்?

கடலோரத்தில் புயலின் காற்று அழிக்கிறது. இங்கே அதன் மழை அழிக்கிறது. 1994 ஜூலை 3 அன்று ஆல்பர்ட்டோ என்ற வெப்பமண்டலப் புயல் ஃப்ளோரிடாவின் வளைகுடாக் கரையில் டெஸ்டின் அருகே கரை ஏறியது. அது முழு ஹரிக்கேன் வலுவைக்கூட எட்டியிருக்கவில்லை. வடக்கே நகர்ந்து அட்லாண்டாவுக்குத் தெற்கே வந்தபோது, அதை இழுத்துச் செல்ல மேலடுக்குக் காற்று எதுவும் இல்லாமல் நின்றுவிட்டது. பிறகு வந்த வழியே தென்மேற்காகத் திரும்பியது. அப்படி நின்று சுழன்ற நேரத்தில் வளைகுடாவின் ஈரத்தையெல்லாம் இழுத்து ஜார்ஜியாவின் மேல் கொட்டியது. அமெரிக்கஸில் 24 மணி நேரத்தில் 536 மில்லிமீட்டர் பெய்தது. ஜார்ஜியாவில் ஒரு நாளில் பதிவான மிகப் பெரிய மழை இதுதான். புயல் காலம் முழுவதற்குமான கூட்டுத்தொகை 700 மில்லிமீட்டரைத் தாண்டியது. அதாவது ஓர் ஆண்டின் மழையில் பாதிக்கும் மேல் சில நாட்களில்.

மண் ஏற்கெனவே நனைந்திருந்த நிலையில், பண்ணைக் குளங்களின் சிறு மண் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஓர் அணை உடைந்த வெள்ளம் கீழே இருந்த அடுத்த அணையை உடைத்தது. மாநிலத்தில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட அணைகள் போயின. அந்தப் புயலில் இறந்த முப்பதுக்கும் மேற்பட்டோரில் பாதிப்பேர் அமெரிக்கஸையும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள். பலரும் காரோடு அடித்துச் செல்லப்பட்டவர்கள். பிறகு அந்த நீரெல்லாம் ஃபிளின்ட் ஆற்றில் சேர்ந்து கீழே ஆல்பனி நகருக்குள் புகுந்து, கல்லறைத் தோட்டத்துச் சவப்பெட்டிகளைக்கூடத் தரையிலிருந்து மிதக்கச் செய்தது.

காற்றால் அழிவு வந்ததும் உண்டு. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் என்ற ஹரிக்கேன் ஃப்ளோரிடாவைத் தாண்டி ஜார்ஜியாவின் தென்மேற்கு மூலைக்குள், ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை வலுவோடு நுழைந்தது. மாநிலத்துக்குள் அவ்வளவு வலுவோடு ஒரு புயல் வந்தது 1898க்குப் பிறகு அதுவே முதல் முறை. வெடித்து நின்ற பருத்தியும், காய்த்து நின்ற பீக்கன் மரங்களும் தென்மேற்கு ஜார்ஜியா முழுவதும் சாய்ந்தன. பருத்தியை அடுத்த ஆண்டு விதைத்துவிடலாம்; வேரோடு விழுந்த பீக்கன் மரத்துக்குப் பதில் நட்டது நல்ல விளைச்சல் தரப் பல ஆண்டுகள் ஆகும். மேலே புகழ்ந்த அக்டோபரிலேயே இது நடந்தது என்பதால், புயல் பருவம் நவம்பர் கடைசிவரை நீடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சாலையில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் மெதுவாகக் காரை விட்டுப் போகலாமா?

போகக் கூடாது. ஓடும் நீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய காரை இழுத்துவிடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிச் செல்லும். இரவில் ஆழமும் தெரியாது, அடியில் சாலை அறுந்திருப்பதும் தெரியாது. முந்தைய பதிலில் சொன்ன மரணங்கள் பெரும்பாலும் இப்படி நேர்ந்தவை. திரும்பி வேறு வழி பாருங்கள், அல்லது நில்லுங்கள்.

டொர்னாடோ எல்லாம் ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கம்தானே?

அங்கே மட்டும் அல்ல. 2007 மார்ச் 1 அன்று இரவு ஒரு டொர்னாடோ அமெரிக்கஸ் நகரத்தின் நடுவே போனது. டொர்னாடோவின் வலுவை 0 முதல் 5 வரை குறிக்கும் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிதா அளவில் அது மூன்றாம் நிலை. நகரின் மருத்துவமனையை நேராகத் தாக்கி, மீண்டும் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிதைத்தது. உள்ளே நோயாளிகள் இருந்த நேரத்தில் கட்டடம் அடிபட்டும், நகரம் முழுவதிலும் இறந்தவர்கள் இருவர்தான். அந்த இழப்பு பெரிது. ஆனாலும் அந்த இரவில் நோயாளிகளைக் காக்க மருத்துவமனை ஊழியர்கள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை எழுகிறது.

தென்பகுதி டொர்னாடோக்களில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், இவற்றில் பல இரவில் வருகின்றன. மழைக்குள் மறைந்து வருகின்றன. மரங்கள் அடர்ந்த நிலத்தில் தூரத்திலிருந்து தெரிவதில்லை. மார்ச், ஏப்ரல் முதன்மையான காலம். நவம்பரை ஒட்டி இரண்டாவது சிறு உச்சம் உண்டு. குளிர்கால மழைக்கோட்டின் முன்னால் காற்று திடீரென்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் மாறும் நாட்களில், தூங்கப் போகுமுன் போனின் அவசர எச்சரிக்கை ஒலி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வானிலை வானொலி ஒன்று வாங்கிப் பேட்டரியோடு வைத்திருப்பது இன்னும் நல்லது. சக்கர வீட்டில் தங்கியிருப்பவர்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே உறுதியான கட்டடம் ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்க வேண்டும்.

1,250 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் வறட்சி எப்படி வரும்?

இதற்குப் பாதி விடை ஓடைகளைப் பற்றிய பதிலிலேயே இருக்கிறது. மறுபாதி மண்ணில் இருக்கிறது. இந்தப் பகுதியின் மேல்மண் மணல் கலந்த செம்மண். ஓர் அடி ஆழ மண் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீரைத்தான் பயிருக்காகப் பிடித்துவைக்கும். ஜூலையில் நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் போகும்போது, வேர் இரண்டடி இறங்கிய பயிரின் கையிருப்பு எட்டு ஒன்பது நாளில் தீர்ந்துவிடும். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டிவிட்டு அடுத்த மூன்று வாரம் பெய்யாமல் போனால், மாதக் கணக்கு சராசரிக்கு மேல் இருந்தும் பயிர் வாடிவிடும். அந்த மூன்று வாரத்தில் வானத்தில் மேகத்துக்குக்கூடக் குறை இருக்காது. அவை எல்லாம் பக்கத்து வயலில் பெய்துகொண்டிருக்கும்.

நீண்ட வறட்சிகளும் உண்டு. ஜார்ஜியாவின் பதிவுகளில் மிக வறண்ட ஆண்டு 1954. தந்தை இறந்ததால் கடற்படையை விட்டு 1953இல் ப்ளெயின்ஸ் திரும்பிய ஜிம்மி கார்ட்டருக்கு, கடலைத் தொழிலில் அதுவே தொடக்க காலம். வறட்சியில் விளைச்சல் பொய்த்துக் குடும்பம் மிகுந்த நெருக்கடியில் வாழ்ந்தது. பிறகு 1998 முதல் 2002 வரையும், 2007 முதல் 2009 வரையும், 2011, 2012 ஆண்டுகளிலும் கடும் வறட்சிகள் வந்தன.

கடலைக்கு மழை பெய்தால் நல்லதுதானே? விவசாயிகள் ஏன் மழைக்கும் கவலைப்படுகிறார்கள்?

அமெரிக்காவின் நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில் விளைகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு 580 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும். விழுது இறங்கிக் காய் பிடிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தேவை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மழை தவறினால் விளைச்சல் போகும். கடைசி ஐந்தாறு வாரங்களில் வறட்சியும் வெக்கையும் சேர்ந்தால் வேறொரு கேடு: மண்ணிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை காய்க்குள் புகுந்து அஃப்லாடாக்சின் நச்சை உண்டாக்கும். அந்தக் கடலை உணவுக்கு ஆகாது.

மழை மிகுந்தாலும் தொல்லைதான். இலை நீண்ட நேரம் ஈரமாக இருந்தால் இலைப்புள்ளி நோய் பரவுகிறது. பீக்கனுக்குக் கருஞ்சொறி போன்ற ஸ்காப் நோய் வருவதும் இதே ஈரத்தால்தான். ஈரமான ஆண்டுகளில் ஒரு பருவத்துக்குப் பத்துத் தடவைகூட மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. கடலையைப் பிடுங்கி, செடியைக் கவிழ்த்து, வேர் மேலே தெரியும்படி வயலிலேயே சில நாள் காயப் போடுவார்கள். அந்தச் சில நாட்களில் அடைமழை வந்தால் காய் முளைவிடும், அழுகும், செடியிலிருந்து உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1951 முதல் ப்ளெயின்ஸில் நடத்தும் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நோய்களையும் பாசனத்தையும்தான் முக்கியமாக ஆராய்கிறார்கள்.

வயலில் சக்கரம் வைத்த நீளக் குழாய் சுற்றுகிறதே, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து? அதற்கும் கட்டுப்பாடு உண்டா?

நடுவில் ஒரு தூணைப் பற்றிக்கொண்டு வட்டமாகச் சுற்றும் அந்தத் தெளிப்பானை இங்கே பிவட் என்பார்கள். வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் பச்சை வட்டங்கள் அவைதான். நீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும், ஓடைகளிலிருந்தும், பண்ணைக் குளங்களிலிருந்தும் வருகிறது. மேலே சொன்ன மூன்று வார இடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை.

பெரிய அளவில் நீர் எடுக்க மாநில அரசின் அனுமதி வேண்டும். 2000இல் ஜார்ஜியா ஒரு சட்டம் இயற்றி, வறட்சி ஆண்டில் ஃபிளின்ட் படுகையில் பாசனத்தை நிறுத்திக்கொள்ள முன்வரும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. 2001, 2002 ஆண்டுகளில் அதற்கான ஏலம் நடந்தது. 2012 வறட்சியின்போது கீழ் ஃபிளின்ட் படுகையில் புதிய பாசன அனுமதிகளையே நிறுத்திவைத்தது. ஃபிளின்ட் ஆறு மாநில எல்லையில் சட்டஹூச்சியுடன் கலந்து, அபலாச்சிகோலா என்ற பெயரில் ஃப்ளோரிடாவுக்குள் ஓடுகிறது. அதன் முகத்துவாரத்தில் சிப்பி வளம் சரிந்ததற்கு ஜார்ஜியா அதிகம் நீர் எடுத்ததே காரணம் என்று ஃப்ளோரிடா 2013இல் உச்ச நீதிமன்றம் போனது. போதிய நிரூபணம் இல்லை என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் ஒருமனதாக அந்த வழக்கைத் தள்ளியது. வழக்கு முடிந்தாலும் ஆற்றில் நீர் குறையும் கோடைகள் முடிந்துவிடவில்லை. நீரைச் சிக்கனமாகச் செலுத்தும் முறைகளில்தான் இப்போது கவனம் திரும்பியிருக்கிறது என்பது நல்ல செய்தி.

இவ்வளவு மேகம் உள்ள ஊரில் சோலார் போட்டு என்ன பயன்?

கோடை மேகம் பிற்பகலில்தான் எழும்புகிறது. காலை முழுவதும் வெயில் கிடைக்கிறது. கார்ட்டரின் சொந்த நிலத்தில் பத்து ஏக்கரில் 2017இல் அமைந்த சூரிய மின்நிலையம் ப்ளெயின்ஸ் ஊரின் மின் தேவையில் பாதிக்கும் மேல் தரும் என்று கணக்கிட்டே தொடங்கப்பட்டது.

எல் நினோ வந்தால் ஊரில் மழை குறையும் என்பார்கள். இங்கேயும் அப்படித்தானா?

இங்கே குளிர்காலத்தில் அதற்கு நேர்மாறு. எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில், மேலடுக்குக் காற்றோட்டம் தெற்கே தள்ளி வளைகுடாக் கரையை ஒட்டி ஓடுவதால், மழைக்கோடுகள் அடிக்கடி வந்து குளிர்காலம் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் அமையும். அந்த நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா ஆண்டுகளில் காற்றோட்டம் வடக்கே விலகிவிட, குளிர்காலம் வறண்டும் வெதுவெதுப்பாகவும் போகும். கோடையின் கையிருப்பைக் குளிர்காலம் முடிவு செய்கிறது என்று முன்பே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு லா நினா குளிர்காலங்கள் வந்தால் அடுத்த கோடைக்கு முன்பே விவசாயிகள் பதற்றப்படுவதற்கு அதுவே காரணம். கோடை இடிமழையின் மேல் எல் நினோவின் பிடி இவ்வளவு தெளிவானதல்ல.

ஆண்டர்சன்வில் சிறையில் மழையால் ஊற்று வந்தது என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா, கதையா?

நடந்தது உண்மை. உள்நாட்டுப் போரின்போது 1864 பிப்ரவரி முதல் வடக்குப் படையின் கைதிகளை அடைத்துவைத்த திறந்தவெளிச் சிறை அது. சம்டர் முகாம் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். இடம் மேக்கன், சம்டர் கவுண்டிகளின் எல்லையை ஒட்டியது. அந்த ஆகஸ்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூரையின்றி வெயிலில் கிடந்தார்கள். நடுவில் ஓடிய ஒரே ஓடைதான் குடிநீருக்கும் கழிவுக்கும். ஆகஸ்ட் 9 அன்று பெய்த பெருமழையில் ஓடை பொங்கி மதிலின் மரக்கட்டைகளை அடித்துச் சென்றது. படிந்திருந்த அழுக்கையும் அள்ளிச் சென்றது. அடுத்த சில நாட்களில் சரிவில் தெளிந்த நீரூற்று ஒன்று பீறிட்டது. கைதிகள் அதைக் கடவுளின் கொடையாகவே கொண்டார்கள். இன்றும் அது பிராவிடன்ஸ் (இறையருள்) ஊற்று என்றே அழைக்கப்படுகிறது.

மேலே மணலும் கீழே களிமண்ணும் அடுக்கியுள்ள இந்த நிலத்தில், இறங்கும் நீர் களிமண்ணைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து சரிவில் ஊற்றாக வெளிப்படுவது இயல்பு. பெருமழை மேல்மண்ணை அரித்தால் மறைந்திருந்த ஊற்றுக்கண் திறக்கலாம். இந்த விளக்கத்தைச் சொல்வதால் தாகத்தில் கிடந்தவர்களின் நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏறத்தாழ 13,000 பேர் அங்கே இறந்தார்கள். நோய்க்கு அவ்வளவு பேர் பலியானதில் அசுத்த நீருக்கும் ஆகஸ்ட் வெக்கைக்கும் பெரும் பங்கு உண்டு.

பழைய ஆட்கள் வானிலை மாறிவிட்டது என்கிறார்கள். பதிவுகள் என்ன சொல்கின்றன?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்கிறவர்கள் இரு பக்கமும் தவறுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல பகுதிகள் சூடேறின; ஆனால் அதன் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென்கிழக்கு சற்றுக் குளிர்ந்தது. 1960களும் 1970களும் இங்கே குளிர்ந்த ஆண்டுகள். ஆகவே 1930களின் வெக்கையை இன்றைய நாளோடு ஒப்பிட்டால் மாற்றமே இல்லை என்று தோன்றும். 1970களோடு ஒப்பிட்டால் சூடேற்றம் தெளிவாகத் தெரியும். 1970களிலிருந்து ஏறுமுகம்தான். பகல் உச்சத்தைவிட இரவு வெப்பத்தில் மாற்றம் முனைப்பாக இருக்கிறது. ஈரம் நிறைந்த காற்று இரவில் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

மழையின் ஆண்டுக் கூட்டுத்தொகையில் அவ்வளவு தெளிவான போக்கு இல்லை. ஒரு ஆண்டுக்கும் அடுத்ததற்குமான ஏற்ற இறக்கம் அதை மறைத்துவிடுகிறது. ஆனால் தென்கிழக்கு மாநிலங்கள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே நாளில் கொட்டும் கனமழையின் பங்கு கூடியிருக்கிறது. சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இதன் இயற்பியல். வெப்பம் ஏறும்போது மண்ணிலிருந்து ஆவியாகும் அளவும் ஏறுவதால், மழையின் கூட்டுத்தொகை அப்படியே இருந்தாலும் இரண்டு மழைக்கு நடுவிலுள்ள வறண்ட நாட்கள் பயிரைக் கூடுதலாகச் சுடுகின்றன. பண்ணைக் குளத்துக்குப் புதிதாக மண் அணை கட்ட நினைப்பவர்கள் பழைய மழை அட்டவணையை வைத்து நீர்வழியின் அகலத்தை முடிவு செய்யாமல், அண்மைக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஆல்பர்ட்டோவில் உடைந்தவற்றில் பெரும்பாலானவை அத்தகைய சிறு அணைகள்தான்.